ஆறிய புண்

மனிதன் தன் உடலிலே தானே நேரிற் காணவியலாத பகுதி முதுகாகும். கைகால்களை வேண்டியபோதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். முகத்தைக் கண்ணாடி காட்டிவிடும். முதுகைப் பற்றி மட்டும் பிறர் சொல்வதையே பெரும்பாலும் நம்பவேண்டியிருக்கிறது. அவளும் அவ்வாறே நம்பியிருந்தாள். வலது தோட்பட்டைக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டையளவிற் தடித்துக் கிடந்த தழும்பு, குழந்தைப் பருவத்திலே கொய்யாமரத்தால் விழுந்தபோது வேலிக் கம்பி கிழித்ததனால் வந்தது என்று தாய் சொல்லியிருந்தாள். கிளிநொச்சியில் அவர்களுடைய பழைய வளவில் அப்படியொரு கொய்யாமரம் நின்றதும் உண்மையே. ஆதலால் இருபத்தொரு வயதுவரை அந்த மரத்தைப் பற்றி அவளுக்கு ஐயம் எழுந்ததில்லை.

கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டில், பரீட்சை முடிந்த சில நாட்களில், அவளுக்கு வயிற்றுவலி கண்டது. முதலிற் கொப்பூழைச் சுற்றி நின்ற வலி, பொழுது சாயும்போது வயிற்றின் வலப்பக்கத்துக் கீழ்மூலைக்கு இறங்கிற்று. இரவு பத்து மணிக்கு விடுதித் தோழியர் இருவர் அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். குடல்வளரி அழற்சியாக இருக்கலாம் என்றனர் வைத்தியர்கள். குடலிலே துளை விழுந்து காற்று வெளியேறியிருக்கின்றதா என்பதை அறிவதற்காக, அவளை நிமிர்ந்து நிற்கச் செய்து நெஞ்சை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தனர்.

படத்தைத் திரையிற் பார்த்த இளம் வைத்தியர், வயிற்றுப் பக்கத்தை நோக்கிவிட்டு மீண்டும் மேலே நோக்கினார்.

“தங்கச்சிக்கு எந்த ஊர்?”

“கிளிநொச்சி.”

“முந்தி முதுகிலை ஏதும் காயம் பட்டதோ?”

“சின்னனிலை மரத்தாலை விழுந்தது.”

வைத்தியர் திரையை அவள் பக்கம் திருப்பினார். விலா எலும்புகளின் மங்கலான வெண்ணிழல்களிடையே, எலும்பினும் வெண்மையாக, ஒழுங்கற்ற விளிம்புடன், ஒரு பயற்றம் மணியளவில் ஏதோ ஒன்று கிடந்தது.

“மரத்திலை இரும்பு இருக்காது, தங்கச்சி,” என்றார் அவர்.

1895 ஆம் ஆண்டு நவம்பரிலே றொன்ஜன் கண்டறிந்த அக்கதிர்கள் தசையை எளிதில் ஊடுருவும். எலும்பிலே ஓரளவு தடைப்படும். உலோகத்தில் முற்றாக நின்றுவிடும். அதனாலேதான் கண்டறியப்பட்ட மறு ஆண்டிலேயே போர்வீரரின் உடலிற் புதைந்த குண்டுகளைத் தேடுவதற்கு அவை பயன்பட்டன. வயிற்று வலியைத் தேடிச் சென்ற கதிர், தேடாத ஒன்றைக் காட்டிவிட்டது. தாய் பதினாறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை ஒரு கணத்தில் இல்லாமற் போயிற்று. ஆனால் அதைப் பற்றிச் சிந்திப்பதற்கு அன்றிரவு அவகாசம் இருக்கவில்லை. நள்ளிரவு கடந்ததும் அவளைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு எடுத்துச் சென்றனர்.

கண்விழித்தபோது விடிந்திருந்தது. வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு கட்டு. வயிறு முழுவதையும் கத்தியால் ஊடறுத்திருப்பார்கள் என்றே அவள் எண்ணியிருந்தாள். தோலை மட்டுமே பெரும்பாலும் கத்தி அறுக்கிறது என்றும், அதன் கீழே மூன்று படைகளாக உள்ள தசைகளை அவற்றின் இழை ஓடும் திசையிலேயே விலக்கி வழி செய்கிறார்கள் என்றும், வேலை முடிந்ததும் அவை தாமாகவே பழைய நிலைக்குச் சேர்ந்துவிடுகின்றன என்றும் கட்டு மாற்ற வந்த தாதி விளக்கினாள். இம்முறையை 1894 இல் மக்பேர்ணி என்னும் அமெரிக்க வைத்தியர் விவரித்தார். வெட்டாமலே விலக்கி வழி காணலாம் என்பது அவளுக்குப் புதுமையாக இருந்தது.

மறுநாட் காலையிலே தாய் வந்து சேர்ந்தாள். கண்டி வீதியில் இரவு முழுவதும் பேருந்திலே வந்தவள், கையிலே ஒரு பையில் தேசிக்காய், ஒரு சுடுநீர்ப் போத்தல், தோய்த்து மடித்த இரண்டு சட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுவந்திருந்தாள். முதலில் மகளின் நெற்றியைத் தொட்டாள், பின்பு கட்டைப் பார்த்தாள், பின்பு கட்டிலின் கீழே பையை வைத்துவிட்டு, “பெரிசாய் வெட்டினவையோ, பிள்ளை?” என்று கேட்டாள். மகள் இல்லையென்றாள். பகல் முழுவதும் வேறு பேச்சுக்களே நிகழ்ந்தன. மாலையில், பார்வையாளர் பலரும் போய் விடுதியிலே சற்று அமைதி நிலவியபோது, மகள் கேட்டாள்:

“அம்மா, அந்தக் கொய்யாமரம் எங்கை நிண்டது?”

தாய் தேசிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. படத்திலை தெரிஞ்சுது.”

நெடுநேரத்தின் பின்னரே தாய் பேசத் தொடங்கினாள். 2009 ஆம் ஆண்டு தை பிறந்த நாள்முதல் அவர்கள் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தனர். கிளிநொச்சியை விட்டு விசுவமடு. அதையும் விட்டுச் சுதந்திரபுரம். தகப்பன் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னே போவான். தாய் நெஞ்சுப் பக்கம் அரிசிப் பையையும் முதுகிலே குழந்தையையும் சுமந்து பின்னே செல்வாள். அன்று காலை மட்டும் குழந்தை முதுகிலே இருக்க மறுத்து அழுதது. முகம் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தது. தாய் பையை முதுகுக்கு மாற்றினாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து முன்னாலே கட்டிக்கொண்டாள். கால் மணி நேரத்தில், நடந்துகொண்டிருந்த பாதையின் முன்னே செல் விழுந்தது. தாய்க்கு ஒரு கீறலும் இல்லை. குழந்தையின் முதுகிலிருந்து இரத்தம் வழிந்தது.

பாடசாலைக் கட்டடமொன்றில் இயங்கிய வைத்தியசாலையிலே காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். துண்டைத் தேடி எடுப்பதற்கு அங்கே நேரமும் இல்லை, மருந்தும் இல்லை. மாசி மாதத்திலே மாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் கப்பலில் ஏற்றத் தொடங்கியபோது, தாயும் பிள்ளையும் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தனர். அங்கே புண் ஆறியது. துண்டு உள்ளே இருப்பது தாய்க்குத் தெரியும். பின்பு செட்டிகுளம் முகாமிலே, குளிக்க வார்க்கும்போது குழந்தை தன் முதுகைத் தடவி, “இதென்னம்மா?” என்று கேட்டது. அந்தக் கணத்திலே தாயின் வாயில் வந்தது கொய்யாமரம். வீட்டையும் வளவையும் பற்றி அவளுக்கு அப்போது நினைவில் நின்றது அது ஒன்றுதான்.

“நீங்கள் ஏன் பிறகும் சொல்லேல்லை?” என்றாள் மகள்.

“எல்லாரும் என்னைப் பாத்து, பிள்ளையைக் காப்பாத்திக் கொண்டுவந்திட்டாய் எண்டு சொல்லுவினம். நான் பேசாமல் நிப்பன். என்ர நெஞ்சிலை படவேண்டியது, பிள்ளை. நீ குறுக்கை இருந்தாய். பையை முன்னாலை விட்டிருந்தால் அரிசிதான் சிந்தியிருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டுத் தாய் மீதித் தேசிக்காயையும் நறுக்கிப் பிழிந்தாள்.

மகள் அன்றிரவு உறங்கவில்லை. ஒரு மாதத்தின் முன்னர் பரீட்சையிலே புறத்திணை பற்றிய வினாவொன்றுக்கு அவள் விடை எழுதியிருந்தாள். மார்பிற் பட்ட புண் விழுப்புண். அது வீரனுக்குப் புகழ். முதுகிற் பட்டது புறப்புண்; அது அவனுக்கு இழுக்கு. வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருது புறப்புண் பட்டமைக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்நீத்த செய்தியையும் அவள் எடுத்துக்காட்டியிருந்தாள். நல்ல புள்ளியும் கிடைத்திருந்தது. அவ்விடையை எழுதியபோது தன் முதுகிலேயே புறப்புண் ஒன்று இருந்தமையை அவள் அறிந்திருக்கவில்லை. பண்டைய போரறம் வீரரைப் பற்றியே பேசிற்று. பாதையிலே நடந்துபோன நான்கரை வயதுக் குழந்தைக்கு அது இலக்கணம் வகுக்கவில்லை. அன்றியும், தாயின் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்துத் தூக்கப்பட்ட குழந்தைக்கு, உலகத்தை எதிர்கொண்டு நிற்கும் பக்கம் முதுகே. முதுகும் மார்பாகும் இடம் ஒன்று உண்டு என்பதை எந்த விரிவுரையிலும் அவள் கேட்டதில்லை.

அந்தத் துண்டை எடுத்துவிடலாமா என்று மறுநாள் தாய் வைத்தியரைக் கேட்டாள். வேண்டாம் என்றார் அவர். நுரையீரலுக்கு வெளியே, தசைக்குள்ளே அது அசையாமல் இருக்கிறது. உடல் அதனைச் சுற்றி நாரிழையத்தால் உறையொன்று நெய்து அடைத்துவிட்டது. தேடி வெட்டுவதனால் வரும் கேடு, விட்டுவைப்பதனால் வரும் கேட்டினும் பெரிது. வலியோ சீழோ கண்டால் மட்டும் வரவேண்டும். காந்த அதிர்வுப் படம் எடுக்க நேர்ந்தால், உள்ளே உலோகம் உண்டென்பதை முன்னதாகவே சொல்லவேண்டும். அவ்வளவே அவர் கூறிய அறிவுரை.

எடுக்காமல் விடுவதும் வைத்தியம் என்பதை வைத்திய உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றிருக்கிறது. 1881 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் திகதி அமெரிக்க சனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். முதுகின் வழியே புகுந்த குண்டைத் தேடிப் பல வைத்தியர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துள் விட்டனர். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லும் உலோகத்தை அறியும் கருவியொன்றுடன் வந்து தேடித் தோற்றார். செப்தெம்பர் 19 ஆம் திகதி, உடல் முழுவதும் நஞ்சேறிய நிலையிலே சனாதிபதி இறந்தார். இறந்தபின் திறந்து பார்த்தபோது, குண்டு உயிருக்கு ஊறு செய்யாத இடத்திலே உறையிடப்பட்டுக் கிடந்தது. உடல் தன் வேலையைச் செய்திருந்தது; தேடிய கைகளே கேடு செய்திருந்தன.

இழைகள் வெட்டப்பட்டு ஊர் சென்ற மகள், ஓய்வு நாட்களிலே கிடைத்ததையெல்லாம் வாசித்தாள். மானிப்பாயிலே மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன், தமிழிலே வெளியிட்ட சத்திரசிகிச்சை நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயர் இட்டிருந்தார். அது 1867 இல் வெளிவந்தது. இரணம் என்றால் புண். சத்திரம் என்பதோ கத்தி முதலிய கருவி. ஒரே கலைக்குக் கருவியின் பெயரையும் வைக்கலாம், புண்ணின் பெயரையும் வைக்கலாம் என்பது தமிழ் மாணவியாகிய அவளைச் சிந்திக்க வைத்தது. கத்தியின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. புண்ணின் வேலை எப்போது முடிகிறது?

முடிவதேயில்லை என்பதுதான் அவள் கற்றவற்றுள் மிகவும் வியப்பானது.

1740 ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தளபதி அன்சன் கப்பற்படையொன்றுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். நான்காண்டுப் பயணத்தில் அவருடைய மாலுமிகளிற் பெருந்தொகையினர் மாண்டனர். அவர்களை வாட்டிய நோய்களுட் கொடியது ஸ்கேவி. கப்பலில் இருந்த முதிய வீரர் ஒருவர் 1690 ஆம் ஆண்டு அயர்லாந்தின் பொய்ன் ஆற்றங்கரைப் போரிலே காயமுற்றவர். அக்காயங்கள் விரைவிலே ஆறி, ஐம்பது ஆண்டுகள் அவரை வருத்தாதிருந்தன. கடல் நடுவே ஸ்கேவி பற்றியபோது, அந்தப் பழைய காயங்கள், ஒருபோதும் ஆறாதவைபோல், மீண்டும் வாய் திறந்தன.

இதற்குக் காரணம் பின்னரே விளங்கிற்று. நல்ல தோலிலே கொலாஜன் என்னும் புரத இழைகள் பனையோலைப் பாயைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. தழும்பிலோ அவை பெரும்பாலும் ஒரு திசையாகவே அடுக்கப்படுகின்றன. அவசரத்திலே அடைத்த வேலி போன்றது அது. எவ்வளவு காலம் சென்றாலும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் அது எய்துவதில்லை. அங்கே மயிர் முளைக்காது, வியர்வையும் சுரக்காது. அந்த இழைகளும் நிலையாக நிற்பவை அல்ல. பழையன சிதையச் சிதையப் புதியன இடப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. புதியன உறுதியாக அமைவதற்கு உயிர்ச்சத்து சி வேண்டும். அது உணவிலே நெடுங்காலம் இல்லாதொழிந்தால் சிதைவு மட்டும் நடக்கும், நெசவு நடவாது. அப்போது தழும்பு பிரிகிறது.

1747 இல் கப்பல் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கேவி கண்ட பன்னிருவரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக ஏற்றுக்கொள்ள 1795 ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. பின்பு 1939 இல் பொஸ்ரன் நகரின் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் குறண்டன், தன்னையே சோதனைப் பொருளாக்கி, உயிர்ச்சத்து சி அற்ற உணவையே மாதக்கணக்காக உண்டார். மூன்று மாதங்களின் பின் அவருடைய முதுகிலே செய்யப்பட்ட வெட்டு வழமைபோல் ஆறிற்று. ஆறு மாதங்களின் பின் செய்த வெட்டு ஆறவில்லை. அந்த உயிர்ச்சத்தைக் கொடுத்த பின்னரே ஆறியது.

இவற்றை வாசித்த நாளிலே அவள் தன் வீட்டைப் புதிதாகப் பார்த்தாள். ஆறிய புண் என்பது முடிந்துபோன செயலன்று. நாள்தோறும் நடைபெறும் செயல். உடலுக்கு அது உண்மையாயின், உடலுக்கு அப்பாலும் அது உண்மையே. “எல்லாம் ஆறிவிட்டது, இனி ஏன் அந்தப் பேச்சு?” என்று ஊருக்கு வருவோர் சொல்வதுண்டு. ஆறிவிட்டதுதான். ஆனால் அது ஆறியநிலையிலே இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் யாரோ உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உழைப்பு நின்றால், ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் புண் வாய் திறக்கும். அவளுடைய வீட்டிலே அவ்வுழைப்பைச் செய்தவள் தாய். பாடசாலைச் சீருடை முதற் கொண்டாட்டச் சட்டை வரை, ஒவ்வொன்றின் பின்கழுத்தையும் ஏற்றித் தைக்கும்படி தையற்காரியிடம் அவள் சொல்லி நின்றதன் பொருள் இப்போது விளங்கிற்று. தலை வாரும்போது பின்னலை முதுகின் வலப்பக்கமாகவே விட்டதன் பொருளும் விளங்கிற்று. பதினாறு ஆண்டுகளாக அவள் ஒரு பொய்யைக் காத்துவந்தாள் என்று சொல்லலாம். ஒரு தழும்பைக் காத்துவந்தாள் என்பதே பொருந்தும். வேறுபாடு என்னவெனில், மகளின் முதுகிலுள்ள தழும்பு உடலின் பொறுப்பிலே தானே நெய்யப்பட்டு வந்தது. தாயின் நெஞ்சிலே இருந்ததை அவள் தனியே நெய்தாள். அதற்கு ஒருவரும் ஒரு தேசிக்காய்தானும் பிழிந்து கொடுத்ததில்லை.

தமிழிலே வடு என்ற சொல்லுக்குத் தழும்பு என்பதும் குற்றம் என்பதும் பொருள். மாம்பிஞ்சையும் அச்சொல் குறிக்கும். தாய் அதனைக் குற்றமென்ற பொருளிலேயே நெடுங்காலம் தாங்கியிருந்தாள். குழந்தையை முன்னாலே கட்டியது தன் குற்றம் என எண்ணினாள். அது அப்படியன்று என்பதை ஒரு சொல்லாலே தீர்த்துவிட முடியாது என்பது மகளுக்குத் தெரிந்தது. ஆயினும் ஒன்றைச் சொன்னாள். ஒருநாள் மாலை, முற்றத்திலே இருவரும் இருந்தபோது, “நான்தானே அம்மா முன்னுக்கு வர அழுதனான். உங்கடை முகத்தைப் பாக்க வேணும் எண்டுதானே?” என்றாள். தாய் பதில் சொல்லவில்லை. சிறிது நேரத்தின் பின், “ஓம், சரியான அடம்,” என்றாள். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது தாயின் முகத்திலே சிரிப்பின் சாயல் தோன்றியது அதுவே முதன்முறை.

பல்கலைக்கழகம் திரும்புவதற்கு முன்னர், புதிய சட்டை தைப்பிப்பதற்காக இருவரும் தையற்காரியிடம் சென்றனர். வயிற்றுத் தழும்பு இன்னும் சிவந்து தினவெடுத்தது. அது வெளுக்க ஓராண்டுக்கு மேற் செல்லும் என்று வைத்தியர் கூறியிருந்தார். தையற்காரி பழைய வழக்கப்படி நாடாவைக் கழுத்தின் அடியிலே வைத்து, “பின்கழுத்து இந்தளவுதானே, அக்கா?” என்று தாயைக் கேட்டாள். தாய் மகளைப் பார்த்தாள்.

“வெயில் காலம்,” என்றாள் மகள். “கொஞ்சம் இறக்கித் தையுங்கோ.”

தையற்காரி நாடாவை இரண்டு விரல் கீழே இறக்கினாள். தாய் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அளவைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும்படி சொன்னாள்.